மறு: சேமிப்புக் கொட்டில் கலைச்சொற்கள் – ‘ஃபிளாஷிங்’குக்கு ‘வடிபட்டை’

வணக்கம்.

நம் கட்டுமானக் கலைச்சொல் பட்டியலில் ‘ஸ்டோரேஜ் ஷெட்’டுக்குக் கொட்டிலா, கொட்டகையா, கிடங்கா என்று நிறையப் பேசியாயிற்று. அதில் எனக்குப் பெரிய வழக்கு இல்லை. கொட்டகை என்றால் பக்கங்கள் திறந்த பெரிய கூரைதான் கண்முன் வருகிறது, கிடங்கு என்றால் வணிகச் சரக்கு. வீட்டுக்குப் பின்னால் மண்வெட்டி, ஏணி, புல்வெட்டும் இயந்திரம் எல்லாம் வைக்க நாலு சுவரும் ஒரு கதவும் உள்ள சின்னக் கட்டடத்துக்குச் ‘சேமிப்புக் கொட்டில்’ போதும், அதையே வைத்துக்கொள்வோம். நான் எழுத வந்தது, பட்டியலின் கடைசியில் ‘பிறகு பார்க்கலாம்’ என்று தள்ளிவைத்திருக்கும் ஃபிளாஷிங் பற்றி, அதாவது சுவரிலும் கூரையிலும் இடுக்குகளில் புகும் மழைநீரை வெளியே வடியவிடும் பட்டை பற்றி. மரச் சட்டத்தால் கட்டிய கொட்டில் நீடித்து நிற்பதும் சில மழைக்காலங்களிலேயே மக்கிப்போவதும் பெரும்பாலும் இதைச் சரியாக வைத்தோமா என்பதில்தான் இருக்கிறது. அதற்குப் போய்க் கடைசி இடமா?

முதலில் அது என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். கதவு நிலையின் தலைப்பு, கூரை இன்னொரு சுவரைத் தொடும் இடம், கூரையின் முகடு, வெளிச்சுவர்ப் பலகையின் அடி, இப்படி இரண்டு பரப்புகள் சந்திக்கும் இடமெல்லாம் ஓர் இடுக்கு இருக்கும். காற்றோடு சாரல் அடித்தால் தண்ணீர் அதற்குள் போகும். எவ்வளவு நெருக்கி அடித்த பலகையானாலும் போகும், மிக நுண்ணிய இடுக்கென்றால் மேல்நோக்கிக்கூட ஏறும். அதனால் மடித்த தகடு ஒன்றை எடுத்து, அதன் மேல்விளிம்பைப் பலகைக்குப் பின்னால் செருகி, கீழ்விளிம்பை வெளியே நீட்டிவிடுகிறோம். உள்ளே வந்த தண்ணீர் தகட்டில் விழுந்து சரிந்து வெளியே சொட்டிவிடும். அவ்வளவுதான் அதன் வேலை, ஆனால் அந்த வேலையை வேறு எதுவும் செய்யாது.

> ‘நீர்த்தடுப்புத் தகடு’ என்றே வைத்துவிடலாமே, எல்லாருக்கும் புரியும்.

ஐயா, புரியும் என்பது உண்மை, ஆனால் தவறாகப் புரியும் என்பதுதான் என் கவலை. தடுப்பு என்ற சொல்லைப் படித்தவர் என்ன செய்வார்? கீழ்விளிம்பிலும் ஓர் இடைவெளி தெரிகிறதே, அதையும் அடைத்துவிடுவோம் என்று சிலிக்கான் பூசிவிடுவார். அந்த இடைவெளி வேண்டுமென்றே விட்டது, தண்ணீர் வெளியேற இருக்கும் ஒரே வழி. அதை அடைத்தால் உள்ளே வந்த தண்ணீர் பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே தேங்கும், ஒட்டுப்பலகையின் விளிம்பு அதை உறிஞ்சி உப்பும், மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேலேயே நெடுநாள் இருந்தால் பூஞ்சை பிடித்து மக்கத் தொடங்கும். வெளியே வண்ணம் உரிந்து தெரியும்போது உள்ளே சட்டத்தை விரலால் அழுத்தினால் அமுங்கும் நிலையில் இருக்கும். இது கற்பனையான அச்சம் இல்லை, கதவுத் தலைப்பில் பலர் செய்கிற வேலை இது. தவிர, ‘நீர்த்தடுப்பு’ என்ற சொல்லை மொட்டைமாடியில் பூசும் பூச்சுக்கும் விரிக்கும் படலத்துக்கும் ஏற்கெனவே கொடுத்துவிட்டோம்.

‘நீர்விலக்கி’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். ஒலி நன்றாக இருக்கிறது, செயலுக்கும் நெருக்கம். ஆனால் மரத்தின் மேல் பூசுகிற, தண்ணீர் ஒட்டாமல் முத்து முத்தாய் உருளச் செய்கிற திரவத்துக்குத்தான் அந்தச் சொல் பொருந்தும், அதற்கே விட்டுவைக்கலாம். ‘ஃபிளாஷ்’ என்பதை அப்படியே பெயர்த்த ‘மின்னல் தகடு’ என்பதை மட்டும் தயவுசெய்து பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். யாராவது இடிதாங்கி என்று நினைத்துக்கொண்டால் பெரிய ஆபத்து. ‘ஒழுக்குத் தகடு’ முதலில் எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் கூரை ஒழுகுகிறது என்றால் நமக்குக் குறைதான் நினைவுக்கு வரும், வழிந்தோடுவது வராது.

என் முன்மொழிவு ‘வடிபட்டை’. வினைத்தொகை, ஆகவே நடுவில் ‘ப்’ வராது. வடிகால் எல்லாருக்கும் தெரிந்த சொல். தரையில் தண்ணீருக்கு வழி விடுவது வடிகால் என்றால் சுவரிலும் கூரையிலும் அந்த வேலையைச் செய்வது வடிபட்டை. சொல்லைக் கேட்டவுடனே இது தண்ணீர் வடிய வேண்டிய இடம், அடைக்கக் கூடாது என்று தெரிந்துவிடுகிறது. வடிகாலின் வாயை யாரும் சிமெண்டு வைத்து மூடமாட்டார்கள் அல்லவா?

‘வடிதகடு’ என்று வைத்தால் இன்னும் தெளிவாக இருக்காதா என்று கேட்பீர்கள். தகடு என்றால் உலோகம் மட்டும்தான். துத்தநாகம் பூசிய இரும்பு, அலுமினியம், செம்பு, ஈயம் என்று உலோகத்தில் செய்வதுதான் வழக்கம் என்றாலும், இப்போது தார் கலந்த ரப்பர் நாடாவையும் ஒட்டிவிடுகிறார்கள், அதைத் தகடு என்று சொல்ல முடியாது. பட்டை என்பது இரண்டையும் தாங்கும். உலோகத்தைச் சொல்லவேண்டிய இடத்தில் ‘அலுமினிய வடிபட்டை’ என்று சொல்லிக்கொள்ளலாம், அப்படிச் சொல்வது அவசியமும்கூட, ஏனென்றால் செம்பு கலந்த மருந்து ஏற்றிய மரத்தின் மேல் அலுமினியத்தை நேராக வைத்தால் அது அரித்துப்போகும். அந்த மரத்துக்கு அடிக்கிற ஆணியும் அப்படித்தான், சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்ததோ துருவேறா எஃகோ இருந்தால்தான் நிற்கும்.

ஒரு சொல் நல்லதா என்று பார்க்க அதிலிருந்து கிளைச்சொல் பிறக்கிறதா என்று பார்ப்பேன். கதவு நிலைக்கு மேலே வருவது ‘நிலைமேல் வடிபட்டை’. சரிந்த கூரையின் பக்கவாட்டு ஓரம் சுவரைத் தொடும் இடத்தில், கூரை ஓட்டின் ஒவ்வொரு வரிசைக்கும் ஒன்றாகப் படிப்படியாக வைப்பது ‘படி வடிபட்டை’. அதே வரியில் கூரை முடியும் இடத்தில் தண்ணீரைச் சுவரிலிருந்து வெளியே தள்ளிவிடும் வளைந்த துண்டு ‘தள்ளு வடிபட்டை’, இது இல்லாமல் அந்த மூலையில் சுவர் கெட்டுப்போவதை நிறையப் பார்க்கலாம். ஒட்டும் நாடா ‘ஒட்டு வடிபட்டை’. கூரையின் கீழோரத்தில் தண்ணீர் முகப்புப் பலகையில் வழியாமல் விட்டுச் சொட்டவைக்கும் மடிப்பு ‘சொட்டுவிளிம்பு’; அதையும் வடிபட்டை என்று இழுக்க வேண்டாம், தனிப்பெயர் அழகாக அமைகிறது.

அப்புறம், புதுச்சொல் தேடும் ஆர்வத்தில் கையில் இருப்பதை விட்டுவிடாதீர்கள். பட்டியலில் ‘சரிவுக் கோணம்’ என்று இருக்கும் இடத்தில் கொத்தனார்கள் சொல்லும் ‘வாட்டம்’ போதும். தண்ணீர் ஓடுவதற்காகக் கொடுக்கும் சரிவு என்ற பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது. ‘கூரை நீட்சி’க்கு ‘இறவானம்’ இருக்கிறது, சங்கப் பாட்டிலேயே ‘இறை’ என்று வருவதன் உறவு அது. ‘சாய்வுக் கட்டை’ என்று எழுதியிருப்பது கைமரம். ‘ஈரப்பத ஏற்றம்’ என்பது ஓதம், ஆகவே கற்சுவருக்கும் மரத்துக்கும் நடுவே விரிக்கும் தாளை ‘ஓதத் தடுப்பு’ என்று சொல்லலாம். இங்கே தடுப்பு சரி, அது உண்மையிலேயே தடுக்கத்தான் இருக்கிறது.

‘அடித்தளம்’ பற்றியும் ஒரு வார்த்தை. சிறிய கொட்டிலுக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் கனத்தில் ஜல்லி பரப்பி, இடித்து மட்டமாக்கி, சுவரைத் தாண்டி நாலு பக்கமும் ஒரு 30 சென்டிமீட்டர் நீட்டிவிட்டால் போதும். அதை அடித்தளம் என்று எழுதினால் படிப்பவர் கான்கிரீட் கொட்டக் கிளம்புவார். ‘ஜல்லிப் படுகை’ என்று எழுதினால் தண்ணீர் கீழே இறங்கும் இடம் என்று தெரியும். சட்டத்தின் அடிமரம் மண்ணிலிருந்து 15 சென்டிமீட்டராவது உயரத்தில் இருக்கவேண்டும் என்பதையும் அந்தப் பதிவிலேயே சேர்த்துவிடுங்கள், சொல் விளக்கமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

வடிபட்டைக்கு நான் எழுதியிருக்கும் பதிவு இது: “சுவர், கூரை, கதவு, சாளரம் ஆகியவற்றின் சந்திப்புகளில், உட்புகுந்த மழைநீர் வெளியே வடியும்படி மேல்விளிம்பை உள்ளே செருகியும் கீழ்விளிம்பைத் திறந்தும் வைக்கும் உலோக அல்லது ரப்பர்ப் பட்டை. ஒன்றுக்கு மேற்பட்டவை வரும் இடத்தில் மேலே உள்ளது கீழே உள்ளதன் மேல் ஏறி நிற்கும்.” கடைசி வாக்கியத்தை நீளம் என்று வெட்டிவிட வேண்டாம். மாற்றி ஏற்றினால் தண்ணீர் நேரே உள்ளே போகும், அதுவும் விளக்கத்தின் பகுதிதான்.

எனக்குப் பிடிபடாமல் நிற்பது கவுன்டர் ஃபிளாஷிங் ஒன்றுதான். செங்கல் சுவரில் காடி வெட்டிச் செருகி, கீழே இருக்கும் வடிபட்டையின் மேல்விளிம்பை மூடிக்கொண்டு தொங்குவது அது. ‘எதிர் வடிபட்டை’ என்றால் எதையோ எதிர்ப்பது போல இருக்கிறது. ‘மூடு வடிபட்டை’ என்று இப்போதைக்குக் குறித்துவைத்திருக்கிறேன். கூரை வேலை செய்பவர்களிடம் இதற்குப் புழங்கும் சொல் உங்களில் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்ளலாம்.