ஏர்பஸ் ஓட்டுற கையில ட்ரைக் பாரைக் கொடுத்தா…

சைடுஸ்டிக்_கை:

ஃபிக்ஸட் விங் (செஸ்னா, ஏர்பஸ் மாதிரி விறைப்பான இறக்கை) ஓட்டிட்டு ஃப்ளெக்ஸ்விங் (துணி இறக்கை ட்ரைக்) பக்கம் போனவங்க யாராவது இருந்தா உங்க கதையையும் கீழ போடுங்க, முதல்ல என்னோடதைக் கொட்டிடறேன். எனக்கு வேலை ஏர்பஸ் 320, வலது சீட், அதாவது கோ-பைலட். அதுக்கு முன்னாடி எல்லாரையும் போல செஸ்னா. ட்ரைக் ஓட்டுற ஃப்ரெண்ட் ஒருத்தன் பல நாளா நச்சரிச்சுட்டே இருந்தான், சரின்னு ஒரு காலைல போயிட்டேன்.

பார்க்காதவங்களுக்கு: மேல ஹேங் கிளைடர் மாதிரி துணி இறக்கை, கீழ மூணு சக்கர வண்டி, முதுகுக்குப் பின்னாடி இன்ஜின், ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா ரெண்டு சீட். மூக்கை ஏத்தி இறக்குற எலிவேட்டர் இல்ல, பக்கவாட்டுல சாய்க்கிற எய்லரான் இல்ல, கால் பெடலால மூக்கைத் திருப்புற ரட்டர் இல்ல, சொல்லப்போனா வாலே இல்ல. நெஞ்சுக்கு முன்னாடி ஒரு முக்கோண ஃப்ரேம், அதோட கீழ்க்கம்பியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கணும், அவ்வளவுதான் கண்ட்ரோல்.

பறக்கிறதுக்கு முன்னாடி சுத்தி வந்து செக் பண்ற ப்ரீஃப்ளைட்டே எனக்குப் பிடிச்சுப் போச்சு. டியூட்டில வாக்-அரவுண்ட் போனா கைக்கு எட்டாததுதான் பாதி, கீழ நின்னு அண்ணாந்து பார்த்துட்டு நகர்ந்துடுவோம். இங்க ஒவ்வொண்ணையும் தொட்டுப் பார்க்கலாம். ஒயர்ல விரலை ஓட்டி மடிப்பு இருக்கான்னு பார்க்கிறோம், துணிக்கு வடிவம் கொடுக்கிற பேட்டன் குச்சி எல்லாம் அதது பாக்கெட்ல சரியா உட்கார்ந்திருக்கான்னு பார்க்கிறோம், அப்புறம் இறக்கையையும் வண்டியையும் சேர்த்துப் பிடிச்சிருக்கிற ஹேங் போல்ட். ஒரே ஒரு போல்ட்! அது போனா தாங்கிக்க ஒரு பேக்கப் இருக்கு, ஆனாலும் அந்த போல்ட்டைப் பார்த்துட்டு கொஞ்ச நேரம் நான் ஒண்ணும் பேசல. ஆயில் பார்க்கிறதுலயும் ஒரு கூத்து. ரோட்டக்ஸ் 912 ட்ரை சம்ப் இன்ஜின், அதாவது ஆயிலுக்குத் தனி டேங்க், அதனால இக்னிஷன் ஆஃப்ல இருக்கான்னு ஒண்ணுக்கு ரெண்டு தடவை பார்த்துட்டு ப்ரொப்பெல்லரைக் கையால சுத்தணும், ஆயில் எல்லாம் டேங்குக்குத் திரும்பி 'களக்'னு ஒரு ஏப்பம் விடும், அதுக்கப்புறம் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தாதான் சரியான அளவு தெரியும். ப்ரொப்பெல்லரைத் தொடாதேன்னு மண்டையில குட்டியே வளர்த்த ஆளுங்க நாம, அதைப் பிடிச்சுச் சுத்துன்னா கை நடுங்காம என்ன செய்யும்.

பாக்கெட் எல்லாம் ஜிப் போட்டாச்சு, ஏன்னா ப்ரொப்பெல்லர் பின்னாடி இருக்கு, நம்மகிட்ட இருந்து எது நழுவினாலும் நேரா அங்கதான் போகும். ஹெல்மெட், இன்டர்காம், கிளவுஸ். நான் முன் சீட், இன்ஸ்ட்ரக்டர் பின் சீட். ஃப்ரேமோட ரெண்டு பக்கமும் நீட்டா ட்ரெயினிங் பார் மாட்டியிருக்கும், அவர் அதைப் பிடிச்சுக்குவார்.

டாக்ஸியிலயே மூளை சுத்த ஆரம்பிச்சுடுச்சு. கால் வெச்சிருக்கிற கம்பி முன் சக்கரத்தோட நேரடியா மாட்டியிருக்கு, வலது காலைத் தள்ளினா வண்டி இடது பக்கம் போகும், நம்ம பெடலுக்கு அப்படியே தலைகீழ். போதாததுக்கு வலது காலுக்கடியிலதான் ஆக்ஸிலரேட்டர். அதாவது டேக்-ஆஃப்ல "கொஞ்சம் ரைட் ரட்டர்"னு பழகின கால் ஆசைப்பட்டு அமுக்கினா மூக்கு இடது பக்கம் திரும்பும், கூடவே பவரும் ஏறும். நல்லா யோசிச்சுத்தான் வெச்சிருக்காங்க!

டேக்-ஆஃப் பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல, சொல்றதுக்குள்ள முடிஞ்சுடும். செஸ்னால ரொட்டேட் பண்ற, அதாவது மூக்கைத் தூக்குற ஸ்பீடு வர்றதுக்கு வெகு முன்னாடியே சக்கரம் தரையை விட்டுடுச்சு. ஏறினதுக்கப்புறம்தான் விஷயம். முன்னாடி கண்ணாடி இல்ல, இன்ஜினை மூடுற கவுலிங் இல்ல, என் முழங்கால், அதுக்குக் கீழ ஷூ, ஷூவுக்குக் கீழ வயல். வெளிய சொன்னா சிரிப்பாங்க, தினமும் 35,000 அடியில உட்கார்ந்து காபி குடிக்கிறவனுக்கு 800 அடியில வயிறு கலங்குச்சு.

கம்பிக்கு வர்றேன். தன் பக்கம் இழுத்தா மூக்கு கீழ போகும், ஸ்பீடு ஏறும். முன்னாடி தள்ளினா மூக்கு மேல, ஸ்பீடு குறையும். வலது பக்கம் தள்ளினா இடது பக்கம் திரும்பும். இதெல்லாம் புத்தகத்துல படிச்சு மனப்பாடம் பண்ணிட்டுத்தான் போனேன், "இது எல்லாமே உல்டா, உல்டா"ன்னு உள்ளுக்குள்ள சொல்லிக்கிட்டே பிடிச்சேன், அப்படிச் சொல்லிக்கிட்டு ஓட்டுற வரைக்கும் எல்லாமே அரை செகண்ட் லேட்டாத்தான் நடந்துச்சு. பின்னாடி இருந்து அவர் ஒண்ணு சொன்னார்: "கம்பியை நகர்த்தறதா நினைக்காதீங்க சார், கம்பி இறக்கையோட சொத்து, அது இருக்கிற இடத்துலயே இருக்கு, நீங்கதான் நகர்றீங்க." அந்த இடத்துல கியர் மாறிடுச்சு எனக்கு. கம்பியை இழுக்கிறேன்னா என் உடம்பை முன்னாடி கொண்டு போறேன், முன்னாடி வெயிட் போனா மூக்கு இறங்கத்தானே செய்யும். கம்பியை வலது பக்கம் தள்ளினா நான் இடது பக்கம் போறேன், இடது பக்கம் வெயிட்டு, இடது பக்கம் சாயுது. இதுல உல்டாவே இல்ல, சென்டர் ஆஃப் கிராவிட்டியைக் கையால பிடிச்சு நகர்த்தறோம், அவ்வளவுதான்.

திருப்பம் செய்யுறப்ப தோள் வேலை செய்யணும். ஏர்பஸ்ல பக்கவாட்டுல இருக்கிற கண்ட்ரோல் குச்சி, அந்த சைடுஸ்டிக் ரெண்டு விரல் சமாச்சாரம், காத்து என்ன பண்ணுதுன்னு அது கைக்குச் சொல்லவே சொல்லாது. இங்க காத்தோட ஒவ்வொரு தட்டும் நேரா உள்ளங்கைக்கு வருது. கம்பியை நகர்த்தினதும் இறக்கை ஒரு நொடி யோசிக்கும், அப்புறம் சாயும், அந்த ஒரு நொடியில பொறுமை இல்லாம இன்னும் தள்ளினா ஓவரா சாஞ்சு மறுபடி எதிர்ப்பக்கம் இழுத்து, ஆட்டம் நிக்கவே நிக்காது. ஸ்டால் (ஸ்பீடு குறைஞ்சு இறக்கை தூக்குறதை விட்டுடறது) செஞ்சு காட்டச் சொன்னேன், ஒண்ணுமே இல்ல, கம்பி முன் ஸ்ட்ரட்ல போய் இடிக்கிற வரைக்கும் மெதுவா தள்ளினோம், கொஞ்சம் குலுங்கிட்டு மூக்கைத் தாழ்த்துச்சு, திரும்ப உள்ள இழுத்தா பறக்குது.

லேண்டிங்தான் எனக்கு முக்கியம். ஏர்பஸ்ல அப்ரோச் 130 நாட்ஸுக்கு (knots) மேல, ரேடியோ ஆல்டிமீட்டர் "ஃபிஃப்டி, ஃபார்ட்டி, தர்ட்டி"ன்னு எண்ணும், கடைசியில பவரைக் குறைக்கச் சொல்லி "ரிட்டார்ட்"னு வேற அதட்டும். இங்க எண்ண ஆள் இல்ல, கண்ணு தரைக்கு ஒரு மீட்டர் மேல இருக்கு. என் கண்ணுக்குப் பழகின உயரத்துல ஃப்ளேரை (தரையைத் தொடுறதுக்கு முன்னாடி மூக்கைத் தூக்கறது) ஆரம்பிச்சா இது அங்கயே ஸ்பீடைத் தொலைச்சுட்டு தொப்புன்னு விழும். அதனால "புல்லைத் தனித்தனியா பார்க்கிற வரைக்கும் எதையும் செய்யாதீங்க"ன்னார். கம்பியை உள்ள இழுத்து ஸ்பீடை வெச்சுக்கிட்டு, தரையை ஒட்டி மெதுவா வெளிய தள்ளி, தள்ளி, பின் சக்கரம் தொட்டதும் திரும்ப உள்ள இழுத்து இறக்கையை அமுக்கணும். கை எந்த நேரமும் இழுக்கத்தான் துடிச்சுச்சு, நான் வாய்விட்டு "நான் பின்னாடி போறேன், நான் பின்னாடி போறேன்"னு சொல்லிக்கிட்டே இறங்கினேன், இன்டர்காம்ல அவர் சிரிச்சது நல்லா கேட்டுச்சு.

ட்ரைக்_தாத்தா:

தம்பி, சிரிக்கிற மாதிரி சிரிச்சிருப்பார், கை ட்ரெயினிங் பார்லயேதான் இருந்திருக்கும், நான் எழுதித் தர்றேன். நானும் கத்துக்கொடுக்கிற ஆள்தான். பைலட்டுன்னு சொல்லிக்கிட்டு வர்றவங்களை ஏத்தினா 100 அடிக்குக் கீழ என் கையை எடுக்கவே மாட்டேன். ஒண்ணும் தெரியாம வர்ற பசங்க சீக்கிரம் கத்துக்கிறாங்க, ரெண்டு சக்கர சைக்கிள் நல்லா ஓட்டுறவன் மூணு சக்கர சைக்கிள்ல ஏறினா நேரா சுவத்துல போய் முட்டுவான் பாருங்க, அதே கதைதான். இன்னொண்ணு, முதல் தடவை யாரும் தப்பு பண்றதில்ல, பயத்துல முழு மூளையும் கம்பி மேலயே இருக்கும். நாலு ரவுண்டு போய் நல்லா வருதேன்னு உடம்பு தளர்ந்து, ரேடியோல ஏதோ பேசிக்கிட்டே இறங்குறப்பதான் பழைய கை முழிச்சுக்கும். தரைகிட்ட மூக்கைத் தூக்கறதா நினைச்சு இழுத்தா நேரா தரைக்குள்ள.

அந்த 'கம்பி இறக்கையோட சொத்து' பேச்சு எங்கேர்ந்து வந்துச்சுன்னா, இது ஹேங் கிளைடர் வழி வந்த சாமான். ரோகலோன்னு ஒருத்தர், பின்னாடி நாசாக்காரர் ஆனவர், 1948ல மனைவியோட சேர்ந்து இந்தத் துணி இறக்கையை உருவாக்கினார், ஜெமினி விண்கலத்தை இதுல தொங்கவிட்டு இறக்கலாமான்னுகூட நாசா சோதிச்சுப் பார்த்துட்டு கடைசியில பாராசூட்டுக்கே போயிட்டாங்க. 1963ல ஆஸ்திரேலியாவுல டிக்கன்சன் இதுல முக்கோண ஃப்ரேமைப் போட்டு ஆளைத் தொங்கவிட்டார், படகு இழுக்க பறந்தாங்க. தொங்குற ஆள் இருந்த இடத்துல இன்ஜினோட ஒரு வண்டியைத் தொங்கவிட்டா அதான் நம்ம ட்ரைக். தொங்குறவன் நகர்றான், இறக்கை நகரலைங்கிறது அங்கேர்ந்தே வருது.

ஸ்டால் ஒண்ணுமில்லன்னு எழுதியிருக்கீங்க, அதுல ஒரு திருத்தம். மெதுவா போய் ஸ்டால் ஆனா ஒண்ணுமில்ல. செங்குத்தா மூக்கைத் தூக்கிட்டு அங்க பவரை வெட்டினா இறக்கை முன்பக்கமா குப்புறச் சுழல ஆரம்பிச்சுடும், டம்பிள்னு சொல்வோம், வால் இல்லாததால அதை நிறுத்த வழியே இல்ல. நெகட்டிவ் ஜி, அதாவது உடம்பு சீட்டை விட்டு மேல எழும்புற மாதிரி ஆகுறது, அறவே கூடாது. உங்க மெஷினோட மேனுவல்ல பிட்ச் லிமிட் (மூக்கை எவ்வளவு தூக்கலாம், தாழ்த்தலாம்னு) போட்டிருக்கும், அதைப் படிச்சுட்டு ஏறுங்க, படிக்கலைன்னா ஏறாதீங்க. செஸ்னால வயித்தைக் கலக்க மூக்கைச் சட்டுனு கீழ அமுக்கி புஷ்-ஓவர் பண்ணிக் காட்டுவாங்களே, அந்த விளையாட்டெல்லாம் இங்க வேண்டாம்.

கிளைடர்_அக்கா:

நான் சாதா கிளைடர்லேர்ந்து போனவ. எனக்குக் கையைவிடக் கால்தான் பிரச்சனை. கிளைடர்ல கண்ணாடி மேல ஒட்டின நூல் நேரா இருக்கான்னு பார்த்துக்கிட்டே ரட்டர் போட்டுப் போட்டு, ட்ரைக்ல ஒவ்வொரு திருப்பத்துக்கும் கால் தானா போகுது, போனா இன்ஜின்தான் உறுமுது. பின்னாடி உட்கார்ந்தவர் "ஏம்மா திரும்புறப்பல்லாம் மேல ஏறுறே"ன்னு கேட்டார்!

க்ராஸ்விண்ட், அதான் குறுக்க அடிக்கிற காத்து, அதை யாரும் சொல்லலையே. ரட்டர் இல்லாததால நேராக்கிட்டு இறங்குற பேச்சே இல்ல, கிராப்லயே, மூக்கு காத்துப் பக்கம் திரும்பினபடியே கோணலா போய்த் தொடணும். பார்க்க பக்குனு இருக்கும். பின் சக்கரம் தொட்டதும் வண்டி தானா ரன்வே பக்கம் திரும்பிக்கும், முன் சக்கரத்தை அவசரப்பட்டு வைக்காம இருந்தா போதும். தரைக்கு வந்தப்புறம்தான் இன்னும் கவனம், இறக்கை நம்ம தலைக்கு மேல பெரிய பாய்மரம், காத்து வர்ற பக்கத்தைத் தாழ்த்திப் பிடிக்கலைன்னா நிறுத்தி வெச்ச வண்டியையே புரட்டிடும்.

புதுசா_வந்தவன்:

எல்லாம் சரி ப்ரோஸ், இதுல நெஜமாவே எங்கயாவது போக முடியுமா, இல்ல ஏர்ஃபீல்டைச் சுத்தி சுத்தி வர்றதுதானா?

ட்ரைக்_தாத்தா:

1998ல பிரையன் மில்டன்னு ஒரு பிரிட்டிஷ்காரர் பெகாசஸ் குவான்டம் 912ல உலகத்தையே சுத்திட்டு 120 நாள்ல வந்தார். இதே துணி இறக்கை, இதே ரோட்டக்ஸ். 2001லேர்ந்து அமெரிக்காவுல அழிவோட விளிம்புல இருந்த ஹூப்பிங் கொக்குக் குஞ்சுகளுக்கு வலசை வழி காட்ட விஸ்கான்சின்லேர்ந்து ஃப்ளோரிடா வரைக்கும் ட்ரைக்தான் முன்னாடி பறந்துச்சு. கொக்கு ஸ்பீடுக்கு இறங்கிப் பறக்க வேற எது தோதுப்படும்? ஆனா உங்க கேள்விக்கு நேர் பதில்: மத்தியான வெயில்ல தெர்மல் (சூடான காத்து மேல எழும்புறது) கிளம்பினா அரை மணி நேரத்துல தோள் கழண்டுடும். காலையும் சாயங்காலமும்தான் நம்ம நேரம்.

செஸ்னா_செல்வம்:

தாத்தா சொல்ற தெர்மல்ல மாட்டினவன் நான். கம்பி ஒரு அடி இந்தப் பக்கம் ஒரு அடி அந்தப் பக்கம் அடிக்குது, நான் பல்லைக் கடிச்சுட்டு இறுக்கிப் பிடிச்சேன், பின்னாடி இருந்த இன்ஸ்ட்ரக்டர் "விடுங்க, அது போற பக்கம் கொஞ்சம் போகட்டும், ரொம்பப் போனா மட்டும் கூட்டிட்டு வாங்க"ன்னார். விட்டா தானா பழைய ஸ்பீடுக்கு வந்து நிக்குது. எனக்கு ஒத்துவரலை, உண்மையைச் சொல்றேன், இறங்கி வந்து என் செஸ்னா கதவைச் சாத்தினப்பதான் உசுரு வந்துச்சு. எல்லாரும் ஆஹா ஓஹோன்னு எழுதுறீங்க, பிடிக்காதவனும் ஒருத்தன் இருக்கான்னு பதிஞ்சுக்கோங்க.

ஒரு சந்தேகம் @சைடுஸ்டிக்_கை, திரும்ப டியூட்டிக்குப் போனப்ப கை குழம்பலையா?

சைடுஸ்டிக்_கை:

செல்வம் பாஸ், குழம்பலை, எனக்கே ஆச்சரியம். டியூட்டிக்கு முன்னாடி சிமுலேட்டர்ல ஒரு செஷன் இருந்துச்சு, அங்க கவனிச்சுப் பார்த்தேன், ஒரு தடவைகூட கை மாறலை. ஏர்பஸ்ல வலது கை மட்டும் பக்கவாட்டுல ஒரு குச்சியைப் பிடிக்குது, ட்ரைக்ல ரெண்டு கையும் நெஞ்சுக்கு முன்னாடி, உட்கார்ற தினுசே வேற, மூளை ரெண்டையும் ஒண்ணுன்னு நினைக்கலை போல. செஸ்னாவோட ஸ்டியரிங் மாதிரி இருக்கிற யோக்கும் ரெண்டு கைக்கு நடுவுல நெஞ்சுக்கு முன்னாடிதான் இருக்கு, அதனால உங்களுக்குத்தான் குழப்பம் ஜாஸ்தி இருக்கும்னு தோணுது, ரெண்டையும் மாத்தி மாத்தி ஓட்டுறவங்க யாராவது வந்து சொல்லுங்க.

தாத்தா, டம்பிள் பத்தி எழுதினதுக்கு நன்றி, மேனுவலைக் கேட்டு வாங்கிட்டேன். அக்கா, க்ராஸ்விண்ட் எனக்கு இன்னும் காட்டலை, கிராப்லயே தொடுறதுன்னு படிக்கிறப்பவே கால் தானா நகருது. அடுத்த ஆஃப் வர்ற அன்னிக்கு காத்து கொஞ்சம் குறுக்க இருந்தா அதைத்தான் கேக்கப் போறேன்.

புதுசா வந்த தம்பிக்கு ஒண்ணே ஒண்ணு: நல்ல தடி கிளவுஸ் எடுத்துட்டுப் போங்க, கீழ வெயில் அடிக்குதேன்னு ஏமாறாதீங்க, மேல விரல் மரத்துப் போனா கம்பியைப் பிடிச்சிருக்கோமா இல்லையான்னே தெரியாது.