அப்பாவோடு கடலோரச் சாலையில் மூன்று நாள்: எங்கெங்கே நிறுத்தலாம்?

பெர்ஜுந்தை மகள்:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் சிலாங்கூர் மாநிலத்தில் பெஸ்தாரி ஜெயா. ஊர்ப் பெயரை மாற்றி வருஷக்கணக்காயிற்று, வீட்டில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். அப்பாவுக்கு 68 வயது. முதலில் பால்மரம் (ரப்பர்), அப்புறம் செம்பனை என்று நாற்பது வருஷம் தோட்டத்திலேயே ஓடிவிட்டது. கடல் என்றால் அவருக்கு மோரிப் மட்டும்தான். அதுவும் தோட்டத்து லோரியில் எல்லோரோடும் போய், சாயங்காலமே திரும்பியது.

இந்த ஆண்டு இறுதி விடுமுறையில் மூன்று நாள் எனக்கு லீவு கிடைக்கும். கோலா சிலாங்கூரில் தொடங்கி வடக்கே கடலோரமாகவே போகலாம் என்று நினைக்கிறேன். காரில் அப்பா, அம்மா, ஒன்பது வயதிலும் ஆறு வயதிலும் என் பிள்ளைகள். பேரங்காடி, தண்ணீர் விளையாட்டுப் பூங்கா எதுவும் வேண்டாம். காடு, கடல், பறவை மாதிரி இயற்கையான இடங்கள் வேண்டும். அப்பாவுக்கு முட்டிவலி, ரொம்ப ஏற முடியாது. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

உர லோரி அண்ணன்:

தங்கச்சி, நான் இருபத்தாறு வருஷம் ஐந்தாம் நம்பர் சாலையில் உர மூட்டை ஏற்றிக்கொண்டு போனவன். கிள்ளானிலிருந்து லுமுட் வரை எந்த வளைவில் எந்த மரம் என்று கூடச் சொல்வேன்.

ஹோட்டலைத் தேடும் முன்பு சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியை எடுங்கள். விடுமுறையில் அமாவாசை என்றைக்கு விழுகிறதோ, பயணத்தை அன்றைக்கு வையுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

நம் பக்கம் மலாக்கா நீரிணைக் கரை. கிழக்குக் கரை மாதிரி வெள்ளை மணலும் நீலத் தண்ணீரும் இங்கே குறைவு, பெரும்பாலும் சேறுதான். பலர் அதைப் பார்த்துவிட்டு முகம் சுளிப்பார்கள். ஆனால் நண்டு, மீன், பறவை, பாக்காவ் என்கிற அலையாத்திக் காடு எல்லாம் அந்தச் சேற்றை நம்பித்தான் இருக்கின்றன. அது எப்போது வெளியே தெரியும் என்பதைத் தண்ணீரின் ஏற்ற வற்றம் முடிவு செய்யும், அதை நிலவு முடிவு செய்யும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் தண்ணீர் ரொம்ப தூரம் வற்றும். ஜெராம் பக்கத்தில் 'கண்ணாடிக் கடல்' என்கிறார்களே, சாசாரான் மணல் திட்டு, அது அந்த நாட்களில் சில மணி நேரம்தான் தலைகாட்டும். கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றால் வானம் காலடியில் கிடக்கும். நானும் மனைவியும் ஒருமுறை அஷ்டமியன்று போனோம். "பரவாயில்லை, ஏறுங்கள்" என்று ஒரு படகுக்காரர் பணத்தை வாங்கிக்கொண்டார். திட்டு வெளியே வரவே இல்லை. முட்டியளவு தண்ணீரில் கைப்பையைத் தலைக்கு மேல் பிடித்தபடி அவள் நின்றது இன்னும் எனக்கு வருத்தம்தான். அப்பாவுக்குப் படகில் ஏறி இறங்கக் கஷ்டம் என்றால் இதை விட்டுவிடுங்கள்.

ஆனால் அமாவாசை இரவு கம்போங் குவாந்தான் மின்மினியை விடாதீர்கள். அதற்கும் இருட்டுதான் வேண்டும். பௌர்ணமியில் போனால் பாதி அழகு போய்விடும், அமாவாசைதான் சரி. துடுப்புப் போடும் சம்பான், இஞ்சின் சத்தம் கிடையாது. கரையோரம் பெரெம்பாங் மரங்கள். படகு கிளைக்குக் கீழே போகும்போதுதான் தெரியும், இலைக்கு இலை உட்கார்ந்திருக்கும் ஆண் பூச்சிகள் எல்லாம் ஒன்றாக மின்னி ஒன்றாக அணையும். ஒரு மரம் முழுக்க மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். கைப்பேசி விளக்கைப் போட வேண்டாம் என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அந்த ஆறு எது தெரியுமா? உங்கள் ஊர் வழியாக வருகிற அதே சுங்கை சிலாங்கூர். அந்தப் பூச்சியின் புழு ஆற்றங்கரை ஈரத்தில் இருக்கும் சின்ன நத்தையைத் தின்று வளரும். கரையை வழித்துத் தண்ணீர் வரைக்கும் செம்பனை நட்டால் நத்தையும் இல்லை, பூச்சியும் இல்லை. இதை அப்பாவிடம் சொல்லுங்கள். கன்று நட்ட கை அவருடையது, சட்டென்று புரிந்துகொள்வார்.

சாயங்காலம் நேரம் இருந்தால் புக்கிட் மலாவத்தி. குன்றுக்கு மேலே போக டிராம் வண்டி உண்டு, நடக்க வேண்டாம். அங்கே சாம்பல் நிற லோத்தோங் குரங்குகள் சாதுவானவை. அதன் குட்டி ஆரஞ்சு நிறத்தில் பிறக்கும், அம்மா மடியில் மஞ்சள் பூசிய பொம்மை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். பிள்ளைகளுக்கு அது போதும். வால் நீண்ட கெரா குரங்கிடம் மட்டும் ஜாக்கிரதை, பையைப் பறிக்கும்.

மறுநாள் வடக்கே கிளம்புங்கள். புது எக்ஸ்பிரஸ்வேயில் ஏறாதீர்கள், பழைய சாலையிலேயே போங்கள். செகிஞ்சான் வயல், சுங்கை பெர்னாம் பாலம், பேராக் மாநிலம், தெலுக் இந்தான், சித்தியவான். பிள்ளைகள் குளிக்க ஆசைப்பட்டால் லுமுட் பக்கத்தில் தெலுக் பாத்திக். அங்கே நல்ல மணல். அதற்கு மேலே செகாரியில் ஆமை முட்டைகளைப் பொரிக்க வைத்துக் குஞ்சுகளைக் கடலில் விடும் நிலையம் இருக்கிறது.

மூன்றாம் நாளை முழுக்க கோலா செப்பெத்தாங்குக்கு வையுங்கள். மாத்தாங் பாக்காவ் காடு 40,000 ஹெக்டர். 1902லிருந்து பராமரிக்கிறார்கள். ஒரு பகுதியை வெட்டினால் மறுபடி வளரவிட்டு, முப்பது வருஷம் கழித்துத்தான் அங்கே மறுபடி முழுக்க வெட்டுவார்கள். நம் தோட்டத்தில் பால்மரத்தை அழித்து மறுநடவு போடுகிற கணக்குதான், அப்பாவுக்குப் பாடமே எடுக்க வேண்டாம். காட்டுக்குள் பலகை நடைபாதை போட்டிருக்கிறார்கள், சமதளம். பாதி வழியில் நின்று சேற்றைக் குனிந்து பாருங்கள். ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவு பெரிதாக இருக்கும் சின்ன நண்டு, அதைத் தூக்கித் தூக்கிக் காட்டும். ஆண் நண்டு பெண்ணைக் கூப்பிடுகிறது. பக்கத்திலேயே பெலாச்சாக் மீன் துடுப்பால் நடந்து போகும்.

அங்கேயே கரிச்சூளையும் பாருங்கள். குவிந்த செங்கல் சூளை, உள்ளே பாக்காவ் கட்டைகளை நிறுத்தி வைத்து ஏறக்குறைய ஒரு மாதம் வேக வைப்பார்கள். கரி பதமாகிவிட்டதா என்பதைச் சின்ன ஓட்டை வழியே வரும் ஆவியின் வாசனையை வைத்தே சொல்லிவிடுவார் சூளைக்காரர். நான் நின்று பார்த்திருக்கிறேன். கையால் ஆவியை முகத்துக்கு இழுத்தார், "இன்னும் ஈரம்" என்றார், அவ்வளவுதான்.

பாகான் செராய் டீச்சர்:

அண்ணன் கோலா குலாவை விட்டுவிட்டார்! செப்பெத்தாங் வரைக்கும் வருகிறவர்கள் இன்னும் கொஞ்சம் வடக்கே வாருங்கள். செப்டம்பரிலிருந்து மார்ச் வரை வடக்கு நாடுகளிலிருந்து வரும் கரைப்பறவைகள் சேற்றுத் திட்டில் இறங்கும். தண்ணீர் வற்றும்போதுதான் அவை இரை தேடும், அதனால் அமாவாசைக் கணக்கு இதற்கும் பொருந்தும். உபே என்கிற வெள்ளை நாரையைப் பார்க்கக் கிடைத்தால் பெரிய பாக்கியம். முகத்தில் சிவப்புத் தோல், மஞ்சள் அலகு. நம் நாட்டில் மிகக் குறைந்துபோய், விலங்கியல் பூங்காவில் வளர்த்தவற்றைக் கூட இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள்.

குலா என்றால் மலாயில் சீனி. ரப்பர் வருவதற்கு முன்னால் இந்தக் கிரியான் மாவட்டத்தில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன, நம்மவர்கள் அங்கே வெட்டுக்கு வந்தார்கள். என் பாட்டியின் அம்மாவும் அப்படி வந்தவர். அப்பாவிடம் இதையும் சொல்லுங்கள்.

பெர்ஜுந்தை மகள்:

அண்ணே, டீச்சர், ரொம்ப நன்றி. நாட்காட்டியைப் பார்த்துவிட்டேன், அமாவாசை என் லீவின் முதல் நாளிலேயே வருகிறது. நத்தை விஷயத்தை அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "ஆத்தோரம் நாலு வரிசை நாங்கதான் நட்டோம்" என்றார். மின்மினியைக் கட்டாயம் பார்க்க வேண்டுமாம்.

ஒரே சிக்கல், அமாவாசையன்று அம்மா விரதம். கோலா சிலாங்கூரில் மீன் கடைகளுக்கு நடுவே அவருக்குச் சைவச் சாப்பாடு கிடைக்குமா?

உர லோரி அண்ணன்:

அன்றைக்குப் புக்கிட் ரோத்தான் பக்கம் வந்து வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு மின்மினிக்குப் போங்கள், தூரமில்லை. மீனை மறுநாள் செகிஞ்சானில் வைத்துக்கொள்ளலாம். சாயங்காலம் மழை கட்டினால் சம்பானை நிறுத்திவிடுவார்கள். அதனால் முதல் நாள் இரவு தவறினால், மறுநாள் லுமுட் பக்கம் போவதை விட்டுவிட்டு இரண்டாம் இரவும் பார்க்கிற மாதிரி கோலா சிலாங்கூரிலேயே அறை எடுங்கள்.