முல்லைத்தீவுக் கரைக்கு வெளியாரை அழைப்பது பற்றி ஆலோசனை வேண்டும்

உறவுகளுக்கு வணக்கம். அளம்பிலுக்கும் நாயாற்றுக்கும் இடைப்பட்ட கடற்கரைக்குத் தென்னிலங்கையிலிருந்தும் புலம்பெயர் நாடுகளிலிருந்தும் வருவோர் சில நாட்களாவது தங்கிச் செல்லவும், விரும்பியவர்கள் விடுமுறைக்கால வீடொன்றை அமைத்துக்கொள்ளவும் வழிசெய்யலாமா என்று ஊரில் சிலர் கூடிப் பேசி வருகிறோம். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு வைகாசியில் திரளும் சனத்தில் ஒரு பகுதியினர் தங்கினாலே நல்ல தொடக்கம். அப்போது கடலும் அமைதியாக இருக்கும். ஐப்பசிக்குப் பின் மழையும் வாடைக்காற்றும் வந்துவிடும் என்பதை விளம்பரத்தில் மறைக்கக் கூடாது என்பது என் கருத்து.

சிக்கல் காணியில்தான் இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரசைகள் இங்கே காணி வாங்க முடியாது. இரட்டைப் பிரசாவுரிமை உள்ளவர்களுக்கு அத்தடை இல்லை. ஆனால் எங்கள் பக்கத்துக் காணிகள் பல தனியாருக்கு முழு உரிமையுள்ள உறுதிக் காணிகள் அல்ல, அரசு அனுமதிப்பத்திரத்தின் மேல் வழங்கிய அரச காணிகள்; அவற்றைப் பிரதேச செயலாளரின் அனுமதியின்றிக் கைமாற்ற இயலாது. கரையிலிருந்து 300 மீற்றருக்குள் கட்டுவதற்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். இவ்வளவையும் தாண்டி வீடு எழும்பினாலும், கரையிலிருந்து வலை இழுக்கும் கரைவலைப்பாடும் மீனவர் தங்கும் வாடிகளும் வேலிக்கு அப்பால் போய்விடக் கூடாது.

ஆகவே, நீண்டகாலக் குத்தகை உடன்படிக்கை எழுதிய அனுபவமுள்ள சட்டத்தரணிகளும், பாசிக்குடாவிலோ அறுகம்குடாவிலோ கடற்றொழிலாளர் சங்கங்களுடன் பேசி விடுதி நடத்துபவர்களும், மீனவர் கரைக்குப் போய்வரும் பாதையை எவ்வாறு எழுத்தில் உறுதிசெய்தீர்கள் என்பதைத் தயவுசெய்து கீழே பகிருங்கள். புலத்தில் இருப்பவர்கள், வாங்குவதா குத்தகைக்கு எடுப்பதா உங்களுக்கு ஏற்றது என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.