இடது மோட்டார் மட்டும் உதறுகிறது: கேபி, கேடி எண்களை எப்படி வைப்பது?

தக்கலை வண்டிக்காரன்

மாடி அறையில் அசையும் இருக்கை ஒன்று கட்டியிருக்கிறேன். யூரோ டிரக் சிமுலேட்டர் 2 என்ற லாரி ஓட்டும் கணினி விளையாட்டை ஓட்டும்போது லாரி குனிந்தால் இருக்கையும் குனிய வேண்டும், வளைவில் சாய்ந்தால் சாய வேண்டும். இந்த இரண்டு அசைவுகள் போதும். பழைய ஆம்னி இருக்கை, அதன் அடியில் ஒரு யுனிவர்சல் ஜாயிண்ட், பின்பக்கம் இடமும் வலமுமாக இரண்டு 12 வோல்ட் வைப்பர் மோட்டார்கள். மோட்டார்கள் கோட்டாற்றில் பழைய இரும்புக் கடையில் எடுத்தவை, ஜோடி அல்ல. ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையில் எஸ்எம்சி3 என்ற மோட்டார் கட்டுப்பாட்டு நிரலை ஏற்றியிருக்கிறேன். மோட்டாருக்கு ஒன்றாக, மின்சாரம் கொடுக்க ஐபிடி-2 டிரைவர், நிலை காட்ட 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர், விளையாட்டின் அசைவை இருக்கைக்கு அனுப்பக் கணினியில் சிம்டூல்ஸ்.

வலது மோட்டார் சொன்னபடி கேட்கிறது. இடது மோட்டார் லாரி நிற்கும்போதுகூட நடுநிலையில் இருந்துகொண்டு ‘டர்ர்’ என்று உதறுகிறது. இரண்டுக்கும் ஒரே எண்கள்தான்: கேபி (இப்போதுள்ள விலகலுக்கு எவ்வளவு திருத்துவது) 420, கேஐ (இன்டெக்ரல், சேர்ந்துவரும் விலகலுக்கு) 40, கேடி (டெரிவேட்டிவ், விலகல் மாறும் வேகத்துக்கு) 40. கேபியைக் குறைத்தால் உதறல் அடங்குகிறது, ஆனால் பிரேக் பிடித்துச் சற்று நேரம் கழித்துத்தான் இருக்கை குனிகிறது. கூட்டினால் சத்தம் கீழ் வீடு வரை கேட்கிறது. எந்த எண்ணை எவ்வளவு மாற்ற வேண்டும்?

கணக்கு மாணவி

இதற்குச் சீக்லர்–நிக்கோல்ஸ் முறை இருக்கிறது, 1942-இல் வந்தது. கேஐ, கேடி இரண்டையும் பூஜ்யமாக்குங்கள். மோட்டார் நிற்காமல் சீராக ஊசலாடத் தொடங்கும் வரை கேபியைக் கூட்டுங்கள். அந்த கேபியில் 0.6 மடங்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஊசலுக்கு ஆகும் நேரத்தில் பாதி இன்டெக்ரலுக்கு, எட்டில் ஒரு பங்கு டெரிவேட்டிவுக்கு. எங்கள் ஆய்வகத்தில் இப்படித்தான் செய்கிறோம்.

பார்வதிபுரம் வைண்டிங்

மாணவி சொல்லும் கணக்கு சரி, இடம் சரியில்லை. அந்த முறையில் வரும் எண்கள் ஒவ்வோர் ஊசலும் முந்தையதில் கால் பங்காகக் குறைந்தால் போதும் என்று நினைத்துப் போட்டவை. அதாவது முதலில் தாண்டிப் போய்விட்டுத்தான் திரும்பும். கொதிகலனுக்கு அது பொறுக்கும், இடுப்புக்குப் பொறுக்காது. மேலும் ஓர் ஆள் உட்காரும் சட்டத்தை வேண்டுமென்றே ஊசலாட விட்டால் முதலில் விடுபடுவது வெல்டிங்தான்.

தக்கலைத் தம்பி, உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. எண்கள் இரண்டுக்கும் ஒன்று, உதறுவது ஒன்று மட்டும். அப்படியென்றால் எண்ணைப் பிறகு பார்க்கலாம், முதலில் இடது பக்க இரும்பைப் பாருங்கள். நாற்பது வருடத்துக்கு மேல் மோட்டார் பிரிக்கிறவன் சொல்கிறேன்: ஆட்டம் உள்ள இடத்தில் எந்த எண் போட்டாலும் நிற்காது.

மோட்டார் மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஆர்டுயினோவை மட்டும் ஓட விடுங்கள். திரையில் இடது பொட்டென்ஷியோமீட்டரின் அளவைப் பாருங்கள். 0 முதல் 1023 வரையிலான அந்த எண் யாரும் தொடாமலே குதித்தால் குறை மின்கம்பியில். நடுக் காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று வையுங்கள், உறையிட்ட கம்பி போடுங்கள், மோட்டார் கம்பியோடு சேர்த்துக் கட்டாதீர்கள். குதிக்கவில்லை என்றால் வைப்பர் கையின் நுனியைப் பிடித்து மேலும் கீழும் மெதுவாக அசையுங்கள். கை அசைந்தும் எண் அசையாமல் இருந்தால், கைக்கும் பொட்டென்ஷியோமீட்டருக்கும் நடுவில் எதுவோ தளர்ந்திருக்கிறது. அச்சையும் பொட்டென்ஷியோமீட்டரையும் எதைக் கொண்டு இணைத்திருக்கிறீர்கள் என்றும் எழுதுங்கள்.

தக்கலை வண்டிக்காரன்

பார்த்தேன் அண்ணாச்சி. தொடாமல் இருக்கும்போது எண் அசையவே இல்லை. கையை அசைத்தால் முதலில் கொஞ்ச தூரம் எண் அப்படியே நிற்கிறது, பிறகு 6, 7 என்று ஒரேயடியாகத் தாவுகிறது. இணைத்திருப்பது பெட்ரோல் டியூப் துண்டு, இரண்டு பக்கமும் கிளிப். வலது பக்கம் டியூப் கிடைக்காததால் பித்தளைக் குழாய் போட்டிருந்தேன்.

பார்வதிபுரம் வைண்டிங்

அதுதான். உங்கள் பொட்டென்ஷியோமீட்டர் 300 டிகிரி சுற்றும் என்று வைத்தால் ஒரு டிகிரிக்கு 3.4 எண். ஏறக்குறைய இரண்டு டிகிரி அந்த டியூப்பின் முறுக்கில் மறைந்துபோகிறது. மோட்டார் போய்ச் சேர்ந்த செய்தி தாமதமாக வருகிறது. அதற்குள் தாண்டிவிடுகிறது, திரும்புகிறது, மறுபடியும் தாண்டுகிறது. உங்கள் ‘டர்ர்’ இதுதான்.

டியூப்பை எறிந்துவிடுங்கள். லேத்தில் பித்தளை புஷ் ஒன்று கடையச் சொல்லுங்கள். ஒவ்வொரு முனையிலும் 90 டிகிரி விலகலில் இரண்டு கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத திருகு), அவை உட்காரும் இடத்தில் அச்சை அரம் போட்டுத் தட்டையாக்குங்கள். ஒன்று கவனம்: புஷ் விறைப்பானது, இரண்டு அச்சும் நூல் பிடித்தாற்போல் நேராக அமையாது. ஆகவே பொட்டென்ஷியோமீட்டரின் உடம்பைச் சட்டத்தோடு இறுக்கிவிடக் கூடாது. அது கூடவே சுற்றாதபடி தடுக்கும் ஒரு தகட்டு நாக்கு போதும், மற்றபடி மிதக்கட்டும். இறுக்கினால் சில மாதங்களில் உள்ளே தேய்ந்து கோடு விழும்.

குளச்சல் சுக்கான்

நடுவில் நுழைகிறேன். கேடி எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் எங்கள் படகைத்தான் காட்டுவேன். சுக்கான் பிடிக்கும் மாமா, படகின் மூக்கு திசைக்கு வந்து சேரும் முன்பே சக்கரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். சேர்ந்த பிறகு திருப்பினால் படகு மறுபக்கம் போய்விடும். எவ்வளவு விலகல் என்பது கேபி, விலகல் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பது கேடி. இந்தக் கணக்கே கப்பலில் பிறந்ததுதான். நிக்கலஸ் மினோர்ஸ்கி 1922-இல் எழுதிய கட்டுரை தானாகத் திசை பிடிக்கும் கப்பலைப் பற்றியது, மாலுமி சுக்கானை எப்படிப் பிடிக்கிறார் என்று கவனித்து எழுதியது.

இன்னொன்று, கடலோரத்தில் இருப்பவர்களுக்கு. எங்கள் பக்கம் உப்புக்காற்றில் திறந்த பொட்டென்ஷியோமீட்டர் நிலைக்காது. காந்தத்தை வைத்து அளக்கும் ஹால் சென்சாருக்கு மாறிவிட்டேன். உரசும் பாகமே இல்லை.

தக்கலை வண்டிக்காரன்

புஷ் போட்டுவிட்டேன். உதறல் போய்விட்டது, லேசான முனகல் மட்டும் இருக்கிறது. இனி எண்களைத் தொடலாமா? வேகமும் இன்னும் போதவில்லை.

பார்வதிபுரம் வைண்டிங்

தொடலாம். ஆள் உட்கார வேண்டாம். 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஒன்று, மீதி எடைக்கு அரிசிச் சாக்கு, இருக்கையில் கட்டி வையுங்கள். வெறும் இருக்கைக்குப் பொருத்திய எண் ஆள் உட்கார்ந்ததும் பொய்யாகிவிடும்.

முதலில் பிடபிள்யூஎம் (மோட்டாருக்குத் தரும் மின்சக்தியின் அளவு) கீழ் எல்லை. மோட்டார் நகரத் தொடங்கும் எண்ணைக் கண்டுபிடித்து அதற்குச் சற்றுக் கீழே வையுங்கள். ஜோடி இல்லாத மோட்டார்கள் என்பதால் இரண்டுக்கும் வேறு வேறு எண் வரும், வரட்டும். இது அதிகமாக இருந்தால் சின்ன விலகலுக்கும் மோட்டார் உதைக்கும். உங்கள் முனகல் அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். டெட் ஸோனை, அதாவது மோட்டார் கண்டுகொள்ளாமல் விடும் சின்ன விலகலை, 2 அல்லது 3 வையுங்கள்.

பிறகு கேஐ, கேடி பூஜ்யம். இருக்கையை நடுவிலிருந்து பக்கத்துக்கு ஒரேயடியாகத் தள்ளச் சொல்லி, ஒரு முறை தாண்டித் திரும்பும் அளவுக்குக் கேபியைக் கூட்டுங்கள். அந்தத் தாண்டல் மறையும் வரை கேடி. மோட்டார் கரகரவென்று மணல் அரைக்கும் சத்தம் போட்டால் கேடி மிஞ்சிவிட்டது, சற்று இறக்குங்கள். கேஐயைப் பூஜ்யத்திலேயே விட்டுவிடுவேன். வைப்பர் மோட்டாரின் வார்ம் கியர் (திருகுப் பல்சக்கரம்) நின்ற இடத்தில் பிடித்துக்கொள்ளும். இருக்கை எல்லையில் முட்டி நிற்கும்போது கேஐ விலகலைச் சேர்த்துவைத்து, விடுபட்டதும் ஒரே வீச்சாக வீசும்.

வேகம் எண்ணில் கிடைக்காது தம்பி. மோட்டார் நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் நொடிக்கு 360 டிகிரி. 60 டிகிரி திரும்ப நொடியில் ஆறில் ஒரு பங்கு வேண்டும், அதுவும் சுமையே இல்லாமல். கேபியை ஆயிரமாக்கினாலும் இது மாறாது. வைப்பர் கையை நீட்டினால் வேகம் கூடும், தள்ளும் வலு குறையும். வலுவுக்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிள் ஷாக் அப்சார்பரைப் பின்னால் தாங்கலாகக் கொடுங்கள். எடையை அது சுமக்கும். கியர் பல்லின் ஆட்டமும் ஒரே பக்கம் ஒதுங்கும்.

தக்கலை வண்டிக்காரன்

கீழ் எல்லையை இறக்கியதும் முனகல் நின்றது. இடதுக்கு 22, வலதுக்கு 31. மூட்டையோடு கேபி 380, கேடி 120 வரை வந்திருக்கிறேன், கேஐ பூஜ்யம். ஷாக் அப்சார்பர் மார்த்தாண்டத்தில் பார்க்கப் போகிறேன். ஆனால் வேகமாகத் திருப்பிப் பிடிக்கும்போது சர்வரிலிருந்து எடுத்த பவர் சப்ளை சில சமயம் அணைந்துவிடுகிறது.

பார்வதிபுரம் வைண்டிங்

பிடித்து நிறுத்தும்போது மோட்டார் ஜெனரேட்டராகி மின்சாரத்தைத் திருப்பி அனுப்புகிறது. அந்த சப்ளை அதை வாங்காது, அழுத்தம் ஏறியதும் அணைத்துக்கொள்ளும். கார் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், அது வாங்கிக்கொள்ளும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடுங்கள். மோட்டார் மின்சாரத்தை அறுக்கும் சிவப்புப் பொத்தான் ஒன்று உட்கார்ந்தபடி கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அது இல்லாமல் மூட்டையை இறக்கிவிட்டு நீங்கள் ஏறி உட்காராதீர்கள்.