முன் அப்சோபரில் 'சேக்': தமிழில் என்ன போடலாம்? வெள்ளிக்குள் வேண்டும்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பட்டர்வொர்த்தில் நாங்கள் நடத்தும் மோட்டார் சைக்கிள் பழுதுபார்ப்பு வகுப்புக்குத் தமிழில் கையேடு அடிக்கிறோம். வெள்ளி மாலை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். பாடம் இதுதான்: மோட்டார் பழசு, ஓட்டுபவர் கனம், முன் அப்சோபரை (முன்சக்கரத்தின் அதிர்வுதாங்கியை) எப்படித் தேற்றுவது? வகுப்பில் பலரிடம் மாமாவோ சித்தப்பாவோ கொடுத்த யமஹா ஆர்எக்ஸ்இசட் இருக்கிறது. நூறு கிலோ ஆள் ஏறி பிரேக் பிடித்தால் முன்பக்கம் குப்புறப் போகிறது. பினாங்குப் பாலத்தின் இணைப்புகளில் ஏறும்போது கை வரைக்கும் அடி வருகிறது.

ஸ்பிரிங்குக்குச் 'சுருள்வில்' போட்டுவிட்டேன். இடிப்பது 'சேக்' (sag) ஒன்றுதான். ஆள் உட்கார்ந்ததும் முன்பக்கம் எத்தனை மில்லிமீட்டர் கீழே போகிறது என்ற அளவு. 'தொய்வு' என்று எழுதி வைத்திருக்கிறேன். சரிவருமா?

பட்டர்வொர்த்

———

தம்பி, தொய்வு வேணாம். எங்க கடையில தொய்வுன்னா செயின்தான். நாலாம் பக்கத்துல 'செயின் தொய்வு 25', ஒன்பதாம் பக்கத்துல 'முன் தொய்வு 35'னு போடுங்க, ஒருத்தன் செயினை 35க்கு லூஸ் விட்டுட்டு வந்து நிப்பான். நாங்க 'எறக்கம்'னு சொல்வோம். "உக்காரு, எவ்ளோ எறங்குதுன்னு பாப்போம்." அவ்ளோதான்.

பிறை ஃபோர்மன்

———

அன்புடையீர்,

இறக்கம் என்பது மலைப்பாதைக்குரிய சொல். 'இறக்கத்தில் இறக்கம் கூடும்' என்று கையேட்டில் ஒரு வரி வந்தால் மாணவர் என்ன புரிந்துகொள்வார்? வள்ளுவர் நமக்குச் சொல்லைச் சமைத்தே வைத்திருக்கிறார். 'ஊக்க முடையான் ஒடுக்கம் பொருதகர் தாக்கற்குப் பேருந் தகைத்து.' சண்டைக்கடா முட்டுவதற்கு முன் பின்வாங்குகிறதே, சுருள்வில்லின் வேலையும் அதுதானே? ஒடுங்கும், பிறகு எழும். எனவே 'ஒடுக்கம்'. ஆள் ஏறுமுன்னே சுருள்வில்லைச் சற்று அழுத்தித் திருகி வைப்பது 'முன்னொடுக்கம்'. இரண்டு சொல்லும் ஒரே வேரில் அமைகின்றன.

கூடவே ஒன்று. அப்சோபரின் இரு கால்களையும் 'ஃபோர்க்' என்று எழுதியிருப்பீர்கள் என நினைக்கிறேன். பெரும்பாணாற்றுப்படையில் நண்டைக் 'கவைத்தாள் அலவன்' என்கிறார் புலவர். கவைத்த தாள், பிளவுபட்ட கால். முன் சக்கரத்தைக் கவ்வி நிற்கும் இரு குழாய்க்கும் இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்குமா? 'சேக்' என்பதே நம் 'சாய்' என்ற வேரிலிருந்து போனதுதான் என்பது என் நெடுநாள் எண்ணம். சாய், சாய்க்கு, சாக்கு…

செந்தூல்

———

ஐயா, சாக்குவரை வந்துவிட்டீர்கள், அடுத்த மடலில் அரிசி மூட்டையும் வந்துவிடும். இந்தக் குழுவில் எந்த ஆங்கிலச் சொல்தான் தமிழிலிருந்து போகவில்லை?

'கவைத்தாள்' அழகு, அதை எடுத்துக்கொள்ளலாம். 'ஒடுக்கம்' மட்டும் வேண்டாம். இன்று அதைப் படிப்பவருக்கு ஒடுக்குமுறைதான் நினைவுக்கு வரும். 'ஆளின் ஒடுக்கம் 35 மி.மீ.' என்றால் யார் யாரை ஒடுக்கினார்? நான் 'அமர்வு' என்பேன். ஆள் அமர்கிறார், வண்டியும் அமர்கிறது.

பிரிக்பீல்ட்ஸ்

———

அக்கா, 'முன் அமர்வு, பின் அமர்வு' என்றால் கருத்தரங்க அழைப்பிதழ் மாதிரி இருக்கிறது.

சொல்லுக்கு முன்னால் பொருளைப் பிரித்துக்கொள்வோம். அளவு ஒன்றில்லை, இரண்டு. சக்கரத்தைத் தூக்கி, கவை முழுதாக நீண்டிருக்கும்போது ஒரு தடவை அளக்கிறோம். வண்டி தன் எடையில் நிற்கும்போது ஒரு தடவை. ஆள் ஏறி, வழக்கமாக ஓட்டுகிற மாதிரி உட்கார்ந்ததும் இன்னொரு தடவை. முதலளவிலிருந்து மற்ற இரண்டையும் கழித்தால் இரண்டு விடை. சாலை வண்டிக்கு ஆள் ஏறியபின் மொத்த ஓட்டத்தில் (கவை அமுங்கக்கூடிய முழுத் தூரத்தில்) கால்பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை இறங்கலாம் என்பது பொதுக்கணக்கு. ஓட்டம் 120 மி.மீ. என்றால் 30 முதல் 40 வரை.

கையேட்டில் இதையும் எழுதுங்கள்: முன்கூட்டியே அழுத்தி வைத்தால் சுருள்வில் விறைப்பாகிவிடாது. வண்டியின் உயரம்தான் கூடும். கனமான ஆளுக்கு உண்மையில் வேண்டியது விறைப்பான சுருள்வில். பையன்கள் குழாய்த் துண்டு செருகிவிட்டு 'இறுகிடுச்சு' என்று நம்புகிறார்கள். 'முன்னொடுக்கம்', 'முன்னிறுக்கம்' இரண்டும் அந்தத் தப்பெண்ணத்தைத்தான் வளர்க்கும். 'முன்னழுத்தம்' போதும். அந்த இரண்டு அளவுக்கும் 'வெற்றிறக்கம்', 'ஆளிறக்கம்'.

பாயான் லெப்பாஸ்

———

'ஆளிறக்கம்'னா எனக்கு பஸ் ஸ்டாண்டுதான் ஞாபகம் வருது, இல்லன்னா சண்டைக்கு ஆள் எறக்குறது. ஆனா தம்பி சொன்ன விஷயம் சரி. இன்னொண்ணும் சேத்துக்குங்க. ஸ்பிரிங் கிடைக்கலன்னா சில பேர் வெட்டுவாங்க. நாப்பது சுத்துல நாலு சுத்து வெட்டினா ஏறக்குறைய நூத்துக்கு பதினொண்ணு விறைப்பு கூடும், குறையுற நீளத்துக்குக் குழாய் போடணும். ஆசைப்பட்டு ரொம்ப வெட்டினா சுத்தும் சுத்தும் முட்டி நின்னுடும், அப்புறம் அப்சோபர் இல்ல, இரும்புத் தடிதான்.

எண்ணெய் கதையும் அப்படித்தான். பத்தாம் நம்பர் எண்ணெய்க்குப் பதிலா கெட்டியான பதினஞ்சாம் நம்பர் ஊத்துவாங்க, பிரேக்ல குப்புறப் போற வேகம் கொஞ்சம் கொறையும். ஆனா பழைய மாடல்ல எண்ணெய் ஓட்டை வழியாத்தானே போகணும்? மெதுவா அமுங்கும்போது சும்மா விட்டுடும், குழியில வேகமா அடிச்சா அடைச்சுக்கும். எண்ணெய் கெட்டியானா அந்த அடி இன்னும் மோசமாத்தான் கைக்கு வரும். ஸ்பிரிங்கை மொதல்ல சரி பண்ணு, எண்ணெய் அப்புறம்.

பிறை ஃபோர்மன்

———

ஃபோர்மன் ஐயா, உங்கள் மடலிலேயே 'அமுங்கும்போது' என்று எழுதியிருக்கிறீர்கள். 'அமுங்கல்' என்றே வைத்தால் என்ன? சின்னப் பிள்ளைக்கும் புரியும். 'அமர்வை' நான் விட்டுக்கொடுக்கிறேன்.

பிரிக்பீல்ட்ஸ்

———

அக்கா, குழியில் விழுந்தாலும் அமுங்கும், பிரேக்கிலும் அமுங்கும். நமக்கு வேண்டியது வண்டி அசையாமல் நிற்கும்போது உள்ள அளவு. அமுங்கலைப் பொதுச்சொல்லாக விட்டுவிட்டு, இதற்கு இறக்கத்தையே வைக்கலாம்.

பாயான் லெப்பாஸ்

———

'அமுக்கிக்கொண்டான்' என்றால் காசை எடுத்துக்கொண்டான் என்று பொருள்படும் ஊரில் 'அமுங்கல்' வைப்பதை நான் ஏற்கமாட்டேன். இறக்கத்தையும் ஏற்கவில்லை. ஒடுக்கம் ஆகாது என்றால் 'பணிவு' வையுங்கள். 'பணியுமாம் என்றும் பெருமை.' பெரிய உடம்பு ஏறும்போது கவைத்தாள் பணிகிறது. வள்ளுவர் இதற்கும் வழி விட்டிருக்கிறார்.

செந்தூல்

———

ஐயா, நூற்றுப்பத்துக் கிலோ பையன் ஒருவன் வகுப்பில் இருக்கிறான். அவனிடம் 'உன் பணிவு 52 மில்லிமீட்டர், கொஞ்சம் குறைக்க வேண்டும்' என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கணக்குப் பார்த்தேன். இறக்கத்துக்கு மூவர், ஒடுக்கத்துக்கு ஐயா ஒருவர். அமுங்கலுக்கு இருந்த அக்காவும் "எதையாவது போட்டு அனுப்புங்கள்" என்று தனிமடல் போட்டுவிட்டார். ஆகவே 'வண்டி இறக்கம்', 'ஆளோடு இறக்கம்', 'முன்னழுத்தம்', 'கவைத்தாள்'. 'வெற்றிறக்கம்' என்பதை எழுத்துக்கூட்டிப் படிக்கவே பையன்களுக்குப் பாதி வகுப்பு போய்விடும், மன்னிக்கவும். முதல் தடவை வரும் இடத்தில் 'சேக்' என்பதையும் தமிழெழுத்தில் சேர்க்கிறேன், கடையில் போய்க் கேட்க அதுதான் உதவும்.

பட்டர்வொர்த்

———

'சேக்' என்பதை நூலில் ஏற்றுவதற்கு என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன். 'முன்னொடுக்கம்' அடிக்குறிப்பிலாவது வர வேண்டும். 'சாய்' வேர் குறித்துத் தனி இழையில் விரிவாக எழுதுகிறேன்.

செந்தூல்