1999 இறுதியில் கப்பலில் பணியாற்றியவர்களிடம் ஒரு வேண்டுகோள்

வணக்கம். 2000ஆம் ஆண்டுக் கணினிக் கோளாறு பற்றிய அச்சத்தைக் கப்பல் பணியாளர்கள் எப்படி எதிர்கொண்டார்கள் என்று கட்டுரை ஒன்று எழுதி வருகிறேன். ஆண்டை இரண்டே இலக்கங்களில் குறித்த கருவிகள் ‘00’ என்பதை 1900 என்று எடுத்துக்கொண்டு நடுக்கடலில் நின்றுவிடுமோ என்று அன்று பலரும் கவலைப்பட்டார்கள். ஆனால் 1999 டிசம்பர் 12 அன்று பிரான்ஸின் பிரிட்டானி கடற்கரைக்கு அப்பால் எரிக்கா எண்ணெய்க் கப்பல் இரண்டாக உடைந்ததற்குக் காரணம் துருவேறிய உடற்பகுதி. கணினிக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. 1995இல் ராயல் மெஜஸ்டி என்ற பயணிகள் கப்பல் அமெரிக்காவின் நாண்டக்கெட் தீவருகே தரைதட்டியதோ வேறு கதை: ஜிபிஎஸ் ஆன்டெனாவின் கம்பி கழன்று, கருவி, வேகத்தையும் திசையையும் மட்டும் வைத்து இருப்பிடத்தை ஊகிக்கும் உத்தேசக் கணக்குக்கு மாறியதை எவரும் கவனிக்காததால், கப்பல் சுமார் 17 கடல் மைல் விலகிப் போயிருந்தது. என்னைக் கேட்டால், தேதியைவிடத் திரையை அப்படியே நம்புவதுதான் பெரிய ஆபத்து.

1999 ஆகஸ்ட் 21 நள்ளிரவில் தேதியை வாரங்களாக எண்ணும் ஜிபிஎஸின் வார எண், அதன் உச்சமான 1023இலிருந்து பூஜ்யத்துக்குத் திரும்பியபோதும், டிசம்பர் 31 இரவிலும் பணியில் இருந்தவர்கள், கருவிகளில் என்ன கண்டீர்கள், சுக்கானைக் கையால் இயக்க ஆள் நிறுத்தப்பட்டதா, சூரியனையும் விண்மீன்களையும் அளந்து இருப்பிடம் கணிக்கும் செக்ஸ்டன்ட்டை வெளியே எடுத்தீர்களா என்பதை எழுதினால் பேருதவியாக இருக்கும். கப்பலின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. அன்றைய பதிவேட்டுப் பக்கத்தின் படம் எவரிடமாவது இருந்தால், அதையும் அன்புடன் வேண்டுகிறேன்.