1 லட்சம் கிலோமீட்டர் தாண்டினால் ஏடிஎஃபை (ஆட்டோமேட்டிக் கியர் பெட்டி எண்ணெயை) தொடக் கூடாதா? துகள்தான் கிளட்சைப் பிடித்து வைத்திருக்கிறதா?

கல்லட்டி36
நேற்று ஒரு நண்பர் வாட்ஸ்அப்பில் காணொளி ஒன்று அனுப்பினார். பட்டறையில் லிஃப்டில் ஏற்றிய வண்டிக்குக் கீழே நின்றுகொண்டு ஒருவர் பேசுகிறார். "ஆட்டோமேட்டிக் வண்டி 1 லட்சம் ஓடிவிட்டதா, இனி அந்த எண்ணெயைத் தொடாதீர்கள். பழைய எண்ணெயில் இருக்கும் துகள்தான் தேய்ந்த கிளட்ச் தட்டுகளைப் பிடித்து வைத்திருக்கிறது. புதுசு ஊற்றினால் வழுக்கிவிடும்" என்கிறார். கேட்டதிலிருந்து எனக்கு ஆறவில்லை. இதை நம்பி எத்தனை பேர் கருகிய எண்ணெயோடு மலை ஏறிக்கொண்டிருக்கிறார்கள்?

என் வண்டி 2017 டொயோட்டா இன்னோவா கிரிஸ்டா 2.8 ஆட்டோமேட்டிக், 1,38,000 ஓடியிருக்கிறது. வீடு மசினகுடி. வாரத்தில் மூன்று நாள் கல்லட்டி ஏறுகிறேன், 36 கொண்டை ஊசி. அந்த ஏற்றத்தில் முதல், இரண்டாம் கியரிலேயே ஊர்ந்து போகும்போது டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர் பெட்டிக்குக் கொடுக்கும் பாகம்) லாக் ஆகாமல் எண்ணெயைக் கடைந்துகொண்டே இருக்கும், சூடு முழுவதும் எண்ணெயில்தான் இறங்கும். 60,000-இல் ஒரு முறை, 1,20,000-இல் ஒரு முறை மாற்றினேன். இரண்டாவது முறை மாற்றியது 1 லட்சம் தாண்டித்தான். ஒன்றும் வழுக்கவில்லை. மூன்றாவது கியர் விழும்போது இருந்த சின்ன உதறலும் போய்விட்டது.

பழையகை
தம்பி, உங்கள் வண்டி ஒன்று. நான் 28 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், கோவையில் சொந்தப் பட்டறை. ஃப்ளஷ் செய்து, அதாவது பழைய எண்ணெயை வெளியேற்றிப் புதுசு ஊற்றி, ஒரே வாரத்தில் நின்றுபோன வண்டி மூன்றை என் கையாலேயே பிரித்திருக்கிறேன். மூன்றும் 1 லட்சத்துக்கு மேல் ஓடியவை. அந்தக் காணொளியில் பேசுபவர் யார் என்று எனக்குத் தெரியாது, ஆனால் சொல்வது அனுபவத்தில் வந்தது. துகள் இருக்கிறது, அது பிடிப்புக் கொடுக்கிறது.

கல்லட்டி36
ஐயா, மரியாதையோடுதான் கேட்கிறேன். அந்த மூன்று வண்டியும் எதற்காக ஃப்ளஷுக்கு வந்தன? டி-யில் போட்டால் இரண்டு விநாடி கழித்துத்தான் நகர்கிறது, ஏற்றத்தில் ஆர்பிஎம் மட்டும் ஏறுகிறது என்றுதானே வந்திருக்கும்? அப்படியானால் தட்டு ஏற்கெனவே போய்விட்டது. போன பிறகு கொண்டுவந்து ஊற்றிய எண்ணெயின் மேல் பழியைப் போடுகிறீர்கள்.

அப்புறம் இந்தத் துகள். கிளட்ச் தட்டில் ஒட்டியிருப்பது காகித வகைப் பூச்சு. அதை அழுத்திப் பிடிப்பது பம்ப் கொடுக்கும் எண்ணெய் அழுத்தம். பிடிக்கும் விதத்தைச் சரிசெய்வது எண்ணெயில் கலந்திருக்கும் ஃப்ரிக்‌ஷன் மாடிஃபயர். உதிர்ந்து மிதக்கிற துகள் போய் எந்தத் தட்டைப் பிடிக்கும்? அது எண்ணெயைப் பிரித்து அனுப்பும் வால்வ் பாடியில், சொலினாய்டு (மின்சார வால்வு) ஓட்டையில் போய் உட்காரும், அவ்வளவுதான். பேனில் (அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியில்) இருக்கும் காந்தம் இரும்புப் பொடியைத்தான் பிடிக்கும், கிளட்ச் பூச்சைப் பிடிக்காது. அதனால் அது எண்ணெயோடுதான் சுற்றிக்கொண்டிருக்கும், எண்ணெயோடுதான் வெளியே போக வேண்டும்.

ஈப்போக்காரன்
எங்கள் மலேசியாவில் இது ஒரு பேச்சே இல்லை. பழைய 4 ஸ்பீடு ஆட்டோ மைவி காருக்கு சர்வீஸ் பட்டியலிலேயே ஏடிஎஃப் மாற்றுவது இருக்கிறது, ஃபோர்மேன் கேட்கக்கூட மாட்டார், கிலோமீட்டர் பார்த்து வடித்துவிடுவார். என் வண்டி 2,10,000 ஓடியிருக்கிறது, கெந்திங் மலை எத்தனை தடவை ஏறி இறங்கியிருக்கும். துகள் பிடித்து வைத்திருக்கிறது என்று இங்கே சொன்னால் யாரும் காது கொடுத்துக் கேட்க மாட்டார்கள்.

பழையகை
உங்கள் ஊரில் ஆரம்பத்தில் இருந்தே முறையாக மாற்றுகிறீர்கள். நான் சொல்வது ஒரு தடவைகூட மாற்றாத வண்டி. இரண்டும் ஒன்றா? படித்துவிட்டு எழுதுங்கள்.

கல்லட்டி36
ஐயா, அதை நீங்கள் முதலில் சொல்லவில்லை. "1 லட்சத்துக்கு மேல்" என்று மட்டும்தான் எழுதினீர்கள். மேலே எல்லோரும் பார்க்கலாம்.

மாம்பலம்சிட்டி
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நீங்கள் எல்லோரும் ஃப்ளஷ் ஃப்ளஷ் என்கிறீர்களே, மெஷின் போட்டு அழுத்தத்தில் தள்ளுவதா, கீழே போல்ட்டைக் கழற்றி வடித்துவிட்டு ஊற்றுவதா, எண்ணெயைக் குளிர்விக்கும் கூலரின் ஹோஸைக் கழற்றி இன்ஜினை ஓடவிட்டு மாற்றுவதா? மூன்றும் வேறு வேறு வேலை. ஹோண்டா மெஷின் வைக்க வேண்டாம், வடித்து ஊற்றி ஓட்டிவிட்டுத் திரும்பவும் வடி என்றுதான் சொல்கிறது.

பழையகை
எல்லாம் ஒன்றுதான், பழைய எண்ணெய் போகிறதா இல்லையா? போனால் துகளும் போகிறது.

கல்லட்டி36
இதில் மட்டும் ஐயாவோடு ஒத்துப்போகிறேன், எப்படி மாற்றினாலும் துகள் போகிறது. அதைத்தான் நல்லது என்கிறேன்.

ஆனாலும் கணக்குக்காக ஒன்று. மொத்தம் 10 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். போல்ட்டைக் கழற்றினால் 4 லிட்டர்தான் வடியும், மிச்சம் கன்வெர்ட்டரிலும் கூலரிலும் நிற்கும். முதல் தடவை 60 சதவீதம் பழசு இருக்கும், இரண்டாவது தடவைக்குப் பிறகு 36, மூன்றாவது தடவைக்குப் பிறகு 21.6. நான் மூன்று தடவை வடித்து ஊற்றினேன், நடுவில் 300 கிலோமீட்டர் ஓட்டினேன். முதலில் வந்தது டீ டிக்காக்‌ஷன் நிறம். மூன்றாவது தடவை வந்தது சிவப்பு.

காந்திபுரம்டீசல்
ஒரு தடவைக்கு 40 சதவீதம் என்றால் மூன்று தடவைக்கு 120 சதவீதம் மாறியிருக்க வேண்டுமே அண்ணா. 78 எப்படி வருகிறது?

கல்லட்டி36
தம்பி, இரண்டாவது தடவை வடிவதில் புதுசும் சேர்ந்து வடிகிறது. ரசத்தில் தண்ணீர் ஊற்றிக் கலக்கிவிட்டு ஒரு கரண்டி எடுத்தால் தண்ணீரும் சேர்ந்துதான் வரும்.

பழையகை
ரசத்துக்கும் கியர்பாக்ஸுக்கும் என்ன சம்பந்தம்? இந்த மாதிரி உவமை சொல்லித்தான் ஆட்களை ஏமாற்றுகிறார்கள். கம்பெனியே லைஃப்டைம் ஃபில், ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று அடித்துக் கொடுத்திருக்கிறான். கம்பெனிக்காரனைவிட நீங்கள் பெரிய ஆளா?

மாம்பலம்சிட்டி
லைஃப்டைம் என்றால் யாருடைய ஆயுள் என்று எழுதியிருக்கிறதா? கார் கம்பெனிகள் லைஃப்டைம் என்று சொன்ன கியர் பெட்டிகளுக்கே, அதைச் செய்த ஜெட்எஃப் கம்பெனி 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டர் அல்லது 8 வருடத்தில் மாற்றச் சொல்கிறது. 6 ஸ்பீடுக்கும் 8 ஸ்பீடுக்கும் ஃபில்டரும் பிளாஸ்டிக் பேனும் சேர்ந்தே வருகிற கிட் விற்கிறது. செய்தவனே மாற்று என்கிறான்.

பழையகை
ஜெட்எஃப் பிஎம்டபிள்யூவுக்கு. இங்கே பேசுவது கிரிஸ்டா.

யாழ்_அக்சியோ
வணக்கம் அண்ணாமார். என்னிடம் இருப்பது ரொயோட்டா அக்சியோ, ஜப்பானில் இருந்து ரீகண்டிஷனாக வந்தது, சிவிடி கியர் பொக்ஸ். இப்போது 1,15,000. கராஜில் ஒயில் மாற்ற வேண்டாம், மாற்றினால் கியர் பொக்ஸ் போய்விடும் என்கிறார்கள். சிவிடிக்கும் இந்தத் துகள் கதை பொருந்துமா?

கல்லட்டி36
இங்கே டார்க் கன்வெர்ட்டர் வண்டி பற்றி மட்டும்தான் பேசுகிறோம். சிவிடி வேறு.

யாழ்_அக்சியோ
அக்சியோ சிவிடியிலும் டோர்க் கன்வேர்ட்டர் இருக்கிறது அண்ணா.

கல்லட்டி36
இருக்கட்டும் தம்பி, அதற்குப் பின்னால் இருப்பது எஃகு பெல்ட்டும் புல்லியும், பேச்சு அடுக்கடுக்கான கிளட்ச் தட்டு பற்றி. ஒன்றே ஒன்று, சிவிடிக்குச் சாதாரண ஏடிஎஃப் ஊற்றிவிடாதீர்கள், பெல்ட் வழுக்கிவிடும்.

வேகன்ஆர்_செல்வா
என்னுடையது ஏஜிஎஸ், கிளட்ச் மிதி இல்லாதது. இதற்கு எத்தனை லிட்டர் ஏடிஎஃப் பிடிக்கும்?

மாம்பலம்சிட்டி
உங்களுடையது மேனுவல் பெட்டிதான், மேலே கிளட்சையும் கியரையும் ஆட்ட ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். உள்ளே மேனுவல் கியர் ஆயில்தான்.

பழையகை
பார்த்தீர்களா, ஆளுக்கு ஒரு வண்டியைக் கொண்டுவந்து குழப்புகிறார்கள். நான் சொன்னதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. மூன்று வண்டி. ஒரே வாரம். எண்ணெய் மாற்றுவதற்கு முன் ஓடின, மாற்றிய பிறகு ஓடவில்லை.

கல்லட்டி36
பதில் சொல்லிவிட்டேன். மறுபடியும் சொல்கிறேன், அவை சாகக் கிடந்த வண்டிகள். அல்லது அளவு தப்பியிருக்கும். இந்த வண்டிகளில் எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பி கிடையாது, கீழே வழிந்தோடும் பிளக்தான். எண்ணெய் கையேட்டில் சொன்ன சூட்டுக்கு வந்த பிறகு, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது, வண்டி சமமாக நிற்கும்போது பிளக்கைத் திறந்து, நூலாகச் சொட்டும்போது மூட வேண்டும். சூடு ஏறிய பிறகு பார்த்தால் எண்ணெய் விரிந்து நிற்கும், திறந்ததும் நிறைய வழிந்துவிடும், வண்டி குறைந்த எண்ணெயோடு ஓடும், பம்ப் காற்றை இழுக்கும், தட்டு வழுக்கும். அதற்கும் துகளுக்கும் சம்பந்தமே இல்லை. ஐயா, நீங்கள் ஸ்கேனர் போட்டு எண்ணெய்ச் சூடு பார்த்தீர்களா?

பழையகை
28 வருடமாகக் கை வைத்துச் சூடு பார்க்கிறவனுக்கு ஸ்கேனர் எதற்கு? ஜெட்எஃபுக்கு 30-லிருந்து 50 டிகிரி வரை விட்டிருக்கிறான், கை போதாதா?

மாம்பலம்சிட்டி
இப்போது மட்டும் ஜெட்எஃப் கணக்கு வேண்டுமா ஐயா? கொஞ்சம் முன்னால்தான் அது பிஎம்டபிள்யூவுக்கு என்றீர்கள்.

கல்லட்டி36
கை வைத்துப் பார்த்தாராம். இப்போது புரிகிறது அந்த மூன்று வண்டி ஏன் போனது என்று.

பழையகை
வார்த்தையை அளந்து பேசுங்கள். நான் பிரித்த வண்டிகள் என்றுதான் சொன்னேன், நான் ஃப்ளஷ் செய்த வண்டிகள் என்று சொல்லவில்லை. வேறு இடத்தில் செய்துவிட்டு என்னிடம் இழுத்துக்கொண்டு வந்தார்கள். பெரியவர்களிடம் பேசும் முறையா இது?

கல்லட்டி36
சரி, அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அப்படியானால் உங்களுக்கே தெரியாது அவர்கள் என்ன எண்ணெய் ஊற்றினார்கள், எத்தனை லிட்டர் ஊற்றினார்கள் என்று. டொயோட்டாவின் டபிள்யூஎஸ் வகை எண்ணெய் கேட்கிற பெட்டியில், ஜிஎம் கம்பெனியின் பழைய வகையான டெக்ஸ்ரான் 3 ஊற்றியிருந்தால்? டெக்ஸ்ரான் 3-க்கு ஜிஎம் உரிமம் கொடுப்பதையே 2006 முடிவில் நிறுத்திவிட்டது, இன்னும் அந்தப் பெயர் போட்ட டப்பாவை வாங்கி எல்லா வண்டிக்கும் ஊற்றுகிறார்கள். அது தடிப்பு அதிகம். எதுவும் தெரியாமல் துகள் போனதால்தான் வண்டி போனது என்று எப்படி முடிவு கட்டினீர்கள்?

பழையகை
போன வருடம் பிரேக் எண்ணெய் பேச்சிலும் இப்படித்தான் ஏறி வந்தீர்கள்.

கல்லட்டி36
ஆமாம், டாட் 5-ஐ டாட் 4-ஓடு கலக்கலாம் என்று நீங்கள் எழுதியதால் ஏறி வந்தேன். டாட் 5 சிலிகோன், கலக்கவே கூடாது.

பழையகை
நான் எழுதியது 5.1. புள்ளியையும் ஒன்றையும் விட்டுவிட்டுப் படித்தது நீங்கள். 5.1 கலக்கலாம். ஒரு வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கல்லட்டி36
பிறகு திருத்திவிட்டு 5.1 என்று மாற்றினீர்கள்.

பழையகை
திருத்தவில்லை.

காந்திபுரம்டீசல்
அண்ணன்மாரே, பிரேக்கை விடுங்கள். நான் வெளிக் கூலர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், வால்பாறைக்கு அடிக்கடி போவதால். ரேடியேட்டர் உள்ளே இருக்கும் கூலரைத் துண்டித்துவிட்டு இதை மட்டும் போடலாமா?

மாம்பலம்சிட்டி
துண்டிக்காமல் ரேடியேட்டருக்கு அடுத்ததாக வரிசையில் போடுங்கள். ரேடியேட்டர் வழி போனால்தான் காலையில் எண்ணெய் சீக்கிரம் பதமான சூட்டுக்கு வரும். தெர்மோஸ்டாட் உள்ள கூலராக இருந்தால் இன்னும் நல்லது.

கல்லட்டி36
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ரேடியேட்டருக்குள் இருக்கும் குழாய் ஓட்டையானால் கூலன்ட் கலந்து ஏடிஎஃப் ரோஸ்மில்க் மாதிரி ஆகிவிடும். தட்டில் இருக்கும் காகிதப் பூச்சு தண்ணீர் பட்டால் உரியும். பழைய வண்டி என்றால் துண்டித்துவிடுவதே மேல். மசினகுடி வெயிலுக்கு எண்ணெய் தானாகவே சூடேறும்.

மாம்பலம்சிட்டி
ஊட்டியில் டிசம்பர் காலையில் வண்டி எடுக்கும்போது?

கல்லட்டி36
அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பழையகை
பூச்சு உரியும் என்று இப்போது நீங்களே சொல்கிறீர்கள். உரிந்த பூச்சுதான் துகள். அதைத்தான் நானும் சொன்னேன்.

கல்லட்டி36
உரியும் என்றேன், பிடிக்கும் என்று சொல்லவில்லை! ஐயா, உரிந்ததும் பிடிப்பதும் ஒன்றா? செருப்பின் அடி தேய்ந்து உதிர்ந்த ரப்பர் பொடியை வைத்துக்கொண்டு மழையில் நடக்க முடியுமா? உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அந்த மூன்று வண்டியில் ஒரு வண்டியின் பேன், ஒரு கிளட்ச் தட்டு, படம் எடுத்துப் போடுங்கள். தட்டு கருகி வழவழப்பாக இருந்தால் அது எண்ணெய் மாற்றிய ஒரு வாரத்தில் வந்தது அல்ல, மாதக்கணக்கில் வழுக்கி வழுக்கி வந்தது. போடுங்கள், பார்க்கலாம்.

பழையகை
பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. நான் யாருக்கும் நிரூபிக்க வேண்டிய அவசியம் இல்லை. என் பட்டறைக்கு 1 லட்சம் தாண்டிய, ஒரு தடவையும் மாற்றாத வண்டி வந்தால் தொட மாட்டேன், ஓட்டும் வரை ஓட்டுங்கள் என்றுதான் அனுப்புவேன்.

கல்லட்டி36
அப்படி அனுப்பிய வண்டியில் ஒன்று கல்லட்டியில் பாதி வளைவில் பின்னால் உருண்டால் என்ன செய்வீர்கள்? நான் அங்கேதான் வாரத்தில் மூன்று நாள் வருகிறேன். அடுத்த வாரம் என் வண்டி வேறு வேலைக்கு லிஃப்டில் ஏறுகிறது. 18,000 கிலோமீட்டர் ஓடிய எண்ணெய், காந்தம் இரண்டையும் படம் எடுத்துப் போடுகிறேன். துகள் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

பழையகை
படத்தில் துகள் தெரியாது.

யாழ்_அக்சியோ
அண்ணா, என்ர அக்சியோவுக்கு மாற்றுவதா வேண்டாமா என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.